மேடைக்கு முன்னே ஒரு முற்றம்

1965ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் கறுப்பின மக்கள் நெருங்கி வாழும் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதி. அங்கே வாடகை அறையில் தனியாகத் தங்கியிருந்த 20 வயது இளைஞன், தொண்டு அமைப்பு ஒன்று நடத்திய பழைய பொருள் கடையில் தட்டுக்கு 5 சென்ட் கொடுத்து இசைத்தட்டுகள் வாங்குவான். ஒரு நாள் வாங்கி வந்தவற்றில் பெஸ்ஸி ஸ்மித் பாடிய ப்ளூஸ் பாட்டு ஒன்று இருந்தது. ஓடவிட்டான். முடிந்ததும் ஊசியை எடுத்து மறுபடியும் தொடக்கத்தில் வைத்தான். அன்று அந்தப் பாட்டை 22 முறை கேட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். தன் அம்மாவும் அக்கம்பக்கத்தவரும் பேசிய பேச்சு, அவர்களுடைய துக்கம், கிண்டல், வீம்பு எல்லாம் அந்தத் தட்டுக்குள் பத்திரமாக இருப்பதை அவர் கண்டுகொண்டார்.

அந்த இளைஞன் ஆகஸ்ட் வில்சன். அதே ஆண்டு, அக்காவுக்குக் கல்லூரிக் கட்டுரை எழுதிக்கொடுத்துக் கிடைத்த 20 டாலரில் பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்றையும் வாங்கியிருந்தார். அந்த இசைத்தட்டும் அந்த இயந்திரமும் ஒரு நாடகமாகச் சேர்வதற்கு 19 ஆண்டுகள் ஆயின. 1984 அக்டோபரில் நியூயார்க்கின் பிராட்வேயில் திரை விலகியபோது மேடையில் இருந்தது 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்'.

அந்த நாடகப் பிரதி கடந்து வந்த வழியைச் சொல்வதே என் நோக்கம். நல்ல நாடகம் எழுதும் ஆளுக்கு என்ன செய்து உதவ வேண்டும் என்று நாடகத்தின் மேல் பிரியமுள்ள யாரும் ஒரு நாளாவது யோசித்திருப்பார்கள். இந்தப் பிரதியின் பின்னாலேயே நடந்து போனால் அதற்கு விடை கிடைக்கிறது.

துடைக்கும் தாளில் தொடக்கம்

வில்சன் 15 வயதில் பள்ளியை விட்டவர். நெப்போலியனைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த கட்டுரையை, வேறு யாரோ எழுதியது என்று ஆசிரியர் சந்தேகித்தார். தான் எழுதியதுதான் என்று நிரூபிக்கச் சொன்னால் நிரூபிக்க மாட்டேன் என்று எழுந்து வந்த பையன் அவர். வீட்டில் சொல்லாமல் தினமும் பள்ளி நேரத்துக்குக் கிளம்பி கார்னகி நூலகத்துக்குப் போய்ப் படித்தார். பல ஆண்டுகள் கழித்து அந்த நூலகமே அவருக்கு உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் வழங்கியது.

முதலில் அவர் எழுதியது கவிதை. உணவு விடுதிகளிலும் மதுக்கடைகளிலும் உட்கார்ந்து, காதில் விழும் பேச்சைக் கேட்டபடி, கை துடைக்க வைத்திருக்கும் தாளில் எழுதுவார். பரிமாறும் பெண் ஒருத்தி ஒருமுறை, அந்தத் தாளில் எழுதினால் கணக்கில் வராது என்பதால்தான் அதில் எழுதுகிறீர்களோ என்று கேட்டாளாம். அந்தக் கேள்வி அவருக்கு ஒன்றைப் புரியவைத்தது. வெள்ளைத் தாளை இயந்திரத்தில் செருகியதும் கை இறுகிவிடுகிறது. கசக்கி எறியப்போகிற தாள் என்றால் கை தாராளமாக ஓடுகிறது. இதை இங்கே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இந்தப் பிரதி போய்ச் சேரப்போகும் இடம் ஒன்று, அந்தத் துடைக்கும் தாளின் சுதந்திரத்தையே ஒரு ஏற்பாடாக வைத்திருந்தது.

1978இல் வில்சன் பிட்ஸ்பர்க்கை விட்டு மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகருக்குக் குடிபெயர்ந்தார். நண்பரும் இயக்குநருமான கிளாட் பர்டி அழைத்ததன் பேரில் வந்தவர் அங்கேயே தங்கினார். அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளுக்கான சிறு நாடகங்கள் எழுதினார். பிறகு, தனித்து வாழும் ஏழை முதியோருக்கு உணவளிக்கும் தொண்டு நிறுவனத்தில் சமையல்காரரானார். அந்த வேலை முடிந்தால் மிச்ச நேரம் எழுத்துக்கு.

ஊரை விட்டு விலகிய பிறகுதான் ஊர்ப்பேச்சு அவர் காதில் தெளிவாக விழுந்தது. ஹில் டிஸ்ட்ரிக்டில் இருந்தபோது அந்தப் பேச்சை அப்படியே எழுத அவருக்குத் தயக்கம் இருந்தது. கவித்துவமாக்கினால்தான் கலையாகும் என்று நினைத்திருந்தார். வெள்ளையர் மிகுந்த செயின்ட் பாலில் அந்தக் குரல்கள் இல்லாத குறையே அவற்றின் மதிப்பைக் காட்டிக்கொடுத்தது. டாக்சி ஓட்டுநர்களைப் பற்றி 'ஜிட்னி' என்ற நாடகத்தை 1979இல் எழுதினார். அதில் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார்.

'ஜிட்னி' அவருக்கு மினியாபொலிஸ் நகரத்து நாடகாசிரியர் மையத்தின் உதவித்தொகையை வாங்கித் தந்தது. தொகை பெரிதல்ல. ஆனால் அந்த மையத்தில் முதல் நாள் மற்ற நாடகாசிரியர்களோடு சேர்ந்து உட்கார்ந்தபோது, நானும் நாடகாசிரியன்தான் போலிருக்கிறது என்று தனக்குத் தோன்றியதாக வில்சன் நினைவுகூர்ந்திருக்கிறார். எழுதுகிறவருக்குத் தரும் உதவிகளில் முதலாவது இது என்று நினைக்கிறேன். நீயும் எங்களில் ஒருவன் என்று ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பது.

பக்கத்து அறையின் கதவு

மா ரெய்னி உண்மையில் வாழ்ந்த பாடகி. ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரைச் சேர்ந்த கெர்ட்ரூட் பிரிட்ஜெட், ரெய்னி என்பவரை மணந்து மா ரெய்னி ஆனார். ப்ளூஸின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனம் 1923க்கும் 1928க்கும் இடையில் அவருடைய பாட்டுகளில் ஏறத்தாழ நூற்றைப் பதிவு செய்தது. அவற்றில் ஒன்றின் பெயரே நாடகத்தின் பெயர்.

வில்சன் இதை 1976 வாக்கில் எழுதத் தொடங்கினார். முதல் வடிவத்தில் இருந்தது ஒலிப்பதிவுக் கூடம் மட்டும்: பாடகி, அவருடைய மேலாளர், கூடத்தின் முதலாளி. எழுதி வைத்துவிட்டு வேறு வேலைகளில் இறங்கிவிட்டார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் கையிலெடுத்தபோது, ஆண்கள் பாடிய ப்ளூஸ் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாடகிக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள் இருப்பார்களே, அவர்கள் எங்கே என்ற கேள்வி எழுந்தது. ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கீழே, வாத்தியக்காரர்கள் காத்திருக்கும் அறையின் கதவை அவர் திறந்தார். உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். கட்லர், டொலீடோ, ஸ்லோ டிராக், லெவி. நாடகம் அந்த அறைக்குள் உயிர் பெற்றது.

கதை 1927ஆம் ஆண்டு, சிகாகோவில், ஒரே நாளில் நடக்கிறது. மா ரெய்னி பாட வருகிறார். பாட்டின் முன்னுரையைத் திக்கிப் பேசும் தன் மருமகன் சில்வெஸ்டர்தான் சொல்ல வேண்டும் என்கிறார். குடிக்கக் கோக்கோ கோலா வராமல் பாட மாட்டேன் என்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் ஆணவம். அவர் பக்கம் நின்று பார்த்தால் கணக்குத் தெரிந்த தற்காப்பு. இவர்களுக்கு வேண்டியது என் குரல். அது பெட்டிக்குள் போய்விட்டால் நான் யாரோ, அவர்கள் யாரோ. அதனால் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்தைக் கடைசி நிமிடம் வரை போடாமல் வைத்திருக்கிறார். மருமகனுக்கான கூலி தனியாகக் கைக்கு வந்த பிறகே போடுகிறார்.

கீழே எக்காளம் ஊதும் லெவி இளைஞன். புது ஷூ வாங்கியிருக்கிறான். சொந்தமாகப் பாட்டு எழுதி வைத்திருக்கிறான். அதை முதலாளி ஸ்டர்டிவண்ட் பதிவு செய்வார், தனக்கென்று ஒரு குழு அமையும் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். நாள் முடியும்போது முதலாளி அந்தப் பாட்டுகள் விற்காது என்கிறார். வேண்டுமானால் பாட்டுக்கு 5 டாலர் தந்து வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். லெவி கெஞ்சிப் பார்க்கிறான். நோட்டுகள் அவன் சட்டைப்பையில் திணிக்கப்படுகின்றன. அடுத்த சில நிமிடங்களில் டொலீடோ தெரியாமல் அவன் ஷூவை மிதிக்க, முதலாளி மீது பாய வேண்டிய கோபம் கூட இருந்தவன் முதுகில் கத்தியாக இறங்குகிறது.

எழுதியவனுக்கும் எழுத்தை வாங்குகிறவனுக்கும் இடையே நடப்பது என்ன என்பதே இந்த நாடகத்தின் உள்ளுறை. இனி, அந்தப் பிரதிக்கே என்ன நடந்தது என்று பார்ப்போம்.

எரிக்கப்படவிருந்த வீடு

கனெக்டிகட் மாநிலத்தில் வாட்டர்ஃபோர்ட் என்ற சிற்றூர். லாங் ஐலண்ட் நீரிணையைப் பார்த்தபடி புல்வெளியும், பழைய மாளிகையும், களஞ்சியமும் கொண்ட பண்ணை நிலம் ஒன்று ஊராட்சியின் வசம் வந்திருந்தது. மாளிகையைத் தீயணைப்புப் பயிற்சிக்காகக் கொளுத்திவிட முடிவு செய்திருந்தார்கள். அதைத் தடுத்துக் கேட்டு வாங்கியவர் ஜார்ஜ் ஒயிட் என்ற இளைஞர். 1964இல் அங்கே நாடக மையம் ஒன்றைத் தொடங்கினார். பக்கத்து ஊரான நியூ லண்டனில் வளர்ந்த நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் பெயரை அதற்கு வைத்தார். 1965 கோடையில் இளம் நாடகாசிரியர்கள் முதன்முறையாக அங்கே கூடினார்கள். தேசிய நாடகாசிரியர் மாநாடு என்று அதற்குப் பெயர் வந்தது.

1968இல் அந்த மாநாட்டின் கலை இயக்குநரானார் லாயிட் ரிச்சர்ட்ஸ். 1959இல் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்தை பிராட்வேயில் இயக்கி, கறுப்பினத்தவருக்கு அதுவரை மூடியிருந்த கதவைத் திறந்தவர். குறைவாகப் பேசுவார். கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். 1999 வரை 31 ஆண்டுகள் அந்த மாநாட்டை அவர் வழிநடத்தினார். அவர் காலத்தில் அங்கே உருவான முறை, உலகில் பல இடங்களில் புது நாடகம் வளர்க்கும் முறையாகப் பரவியது.

முறை எளிமையானது. யார் வேண்டுமானாலும் பிரதி அனுப்பலாம்; பெயரோ சிபாரிசோ வேண்டாம். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேல் வரும் கட்டுகளை ஆள் வைத்துப் படித்து, ஒரு டசனை ஒட்டிய பிரதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். கோடையில் எழுத்தாளர் அங்கேயே தங்குவார். அவருக்கு ஓர் இயக்குநர், தொழில்முறை நடிகர்கள், பிரதியைக் கூர்ந்து படித்துப் பேச ஓர் ஆலோசகர். ஏறத்தாழ 4 நாள் ஒத்திகை. பிறகு பார்வையாளர் முன் இரண்டு முறை அரங்கேற்றம். ஆனால் அது அரங்கேற்றம் போல இருக்காது. நடிகர்கள் கையில் பிரதியோடு நிற்பார்கள். உடையலங்காரம் கிடையாது. நாற்காலிக்கும் கட்டிலுக்கும் சுவருக்கும் எளிய மரப் பெட்டிகளும் சட்டங்களுமே. எழுத்தாளர் திருத்தி எழுதிய பக்கங்கள் வேறு நிறத் தாளில் வரும். எது பழையது, எது நேற்றிரவு பிறந்தது என்று எல்லோருக்கும் பார்த்தவுடன் தெரியும்.

இதில் எதற்கு என்ன காரணம் என்று யோசித்தால் இந்த முறையின் ஆழம் தெரியும். நடிகர் வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டால் அதை மாற்றச் சொல்ல எழுத்தாளருக்கு மனம் வராது. கையில் தாள் இருந்தால் மாற்றலாம். அழகான அரங்கப்பொருளும் விளக்கும் வந்துவிட்டால் பிரதியின் பலவீனம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மரப் பெட்டி எதையும் ஒளிக்காது. ஒரே முறை வாசித்தால் தவறு தெரியும், அவ்வளவுதான். இரண்டாவது முறை இருப்பதால் திருத்திய பிறகு என்ன ஆகிறது என்பதும் தெரியும். அங்கே நடப்பதை விமர்சனமாக எழுத வேண்டாம் என்று பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டார்கள். தோற்றாலும் அது முற்றத்தோடு நிற்கும், தெருவுக்குப் போகாது. வில்சனின் துடைக்கும் தாளைத்தான் ஒரு நிறுவனம் பெரிதாக்கி, கடற்கரைப் புல்வெளியில் விரித்து வைத்திருந்தது.

அந்த முற்றத்துக்குள் வர வில்சனுக்கு எளிதில் வாய்க்கவில்லை. அவர் அனுப்பியவை ஐந்து முறை திரும்பி வந்தன. 'ஜிட்னி'யை அனுப்பினார், வந்துவிட்டது. சரியாகப் படித்திருக்க மாட்டார்கள் என்று அதையே மறுபடி அனுப்பினார், மறுபடியும் வந்துவிட்டது. அப்போது அவர் எடுத்த முடிவு முக்கியமானது. நாம் நினைத்த அளவுக்கு இது நன்றாக இல்லை போலும், இதைவிட நல்ல நாடகம் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தார். நிராகரிப்பு ஒருவரை இப்படி உட்கார வைக்க வேண்டுமென்றால், அடுத்த ஆண்டும் கதவு திறந்திருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். மாநாடு ஆண்டு தவறாமல் நடந்தது. யாருடைய பிரதியும் வாசலில் தடுக்கப்படவில்லை. அந்தத் தொடர்ச்சியே அவருக்குக் கிடைத்த உதவி. ஒரு முறை விழா எடுத்துப் பரிசு கொடுத்து மறைந்துபோகும் அமைப்பால் இதைச் செய்ய முடியாது.

1982இல் 'மா ரெய்னி' தேர்வானது. வில்சனுக்கு அப்போது 37 வயது.

நான்கு நாட்களின் கைவேலை

கவிஞராகத் தொடங்கியவர் என்பதால் வில்சனின் ஆட்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். கதை சொல்வார்கள், கதைக்குள் இன்னொரு கதை சொல்வார்கள். தாளில் படிக்கும்போது அது வளம். அரங்கில் அதுவே பாரமாகலாம். எது வளம், எது பாரம் என்பதை எழுதியவர் தனியறையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. நடிகரின் மூச்சு எங்கே முட்டுகிறது, பார்வையாளர் எங்கே நாற்காலியில் அசைகிறார், எங்கே அசைவற்றுப் போகிறார் என்பதை உடனிருந்து கேட்க வேண்டும். திருத்தி எழுதும் வித்தையை அங்கேதான் கற்றேன் என்று வில்சன் பல முறை சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு அவர் எடுத்துச் சென்ற 'ஃபென்சஸ்' முதல் வாசிப்பில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது; இரண்டாவது வாசிப்புக்குள் உட்கார்ந்து வெட்டிக் குறைத்தார்.

வெட்டியது அவர் கை. யாரும் பேனாவைப் பிடுங்கவில்லை. உதவி என்ற பெயரில் நடக்கும் கேடுகளில் பெரியது, எழுத்தாளரின் நாடகத்தை வாங்கி உதவியாளரின் நாடகமாகத் திருப்பித் தருவது. இந்த வசனத்தை இப்படி மாற்று என்று சொல்லாமல், இந்த ஆள் இந்த நேரத்தில் எதற்காக இந்த அறைக்குள் வருகிறான் என்று கேட்டுவிட்டு மௌனமாக இருப்பது ரிச்சர்ட்ஸின் வழி. கேள்விக்கு விடை தேடி எழுத்தாளர் தன் அறைக்குத் திரும்புவார். விடை அவருடையதாகவே இருக்கும்.

அந்தக் கோடையில் நியூயார்க் டைம்ஸின் நாடக விமர்சகர் ஃபிராங்க் ரிச் வாட்டர்ஃபோர்டுக்கு வந்திருந்தார். மாநாட்டைப் பற்றி எழுதிய கட்டுரையில் வில்சனின் குரலை அவர் எடுத்துச் சொல்ல, பிராட்வே தயாரிப்பாளர்களின் பார்வை இந்தப் பிரதி மேல் விழுந்தது. ஒப்பந்தத்தோடு வந்தார்கள். இதை இசை நாடகமாக மாற்றலாம் என்றார்கள். பிரதி மீதான பிடி அவர்கள் கைக்குப் போகும்படி நிபந்தனைகள் இருந்தன. சமையல் வேலை பார்த்துக்கொண்டு எழுதியவருக்கு அந்தப் பணம் சிறிதல்ல. வில்சன் கையெழுத்திடவில்லை.

மா ரெய்னி பத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் காட்சியை எழுதியவர் அவர். அந்தக் காட்சியை அவரே வாழ்ந்து காட்டினார். ஆனால் வெறும் துணிச்சலால் மட்டும் ஒருவர் இப்படி மறுத்துவிட முடியாது. லெவிக்கும் துணிச்சல் இருந்தது. போக வேறு இடம் இல்லை. வில்சனுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தின் பெயர் லாயிட் ரிச்சர்ட்ஸ்.

நியூ ஹேவன்

ரிச்சர்ட்ஸ் 1979 முதல் நியூ ஹேவன் நகரில் உள்ள யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளியின் தலைவராக இருந்தார். அதோடு இணைந்த யேல் ரெப்பர்ட்டரி தியேட்டரும் அவர் பொறுப்பில் இருந்தது. 'மா ரெய்னி'யை அங்கே தானே இயக்குவதாகச் சொன்னார். வில்சன் தன் பிரதியை அவர் கையில் கொடுத்தார்.

யேலில் முதல் நாள் ஒத்திகை. நடிகர்களில் ஒருவர் டொலீடோ பாத்திரத்தைப் பற்றி ஏதோ கேட்டார். பதில் சொல்ல வில்சன் வாயெடுப்பதற்குள் ரிச்சர்ட்ஸ் சொல்லிவிட்டார். தான் சொல்லவிருந்த பதிலே அது. தான் சொல்லியிருக்கக்கூடியதைவிடத் தெளிவாகவும் இருந்தது. அந்த நொடியில் தன் கவலை நீங்கியது என்று வில்சன் பின்னாளில் சொன்னார். எழுதியவரைவிடப் பிரதியை நன்றாகப் படித்த ஒருவர் எதிரில் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

லெவியாக நடித்தவர் சார்லஸ் டட்டன். அவருடைய வரலாறும் ஒரு புத்தகத்தின் பயணம்தான். இளம் வயதில் கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர். தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டபோது கையோடு எடுத்துப் போன ஒரே புத்தகம் கறுப்பின நாடகாசிரியர்களின் நாடகத் தொகுப்பு. அதில் டக்ளஸ் டர்னர் வார்டின் நாடகம் ஒன்றைப் படித்தவர், சிறைக்குள்ளேயே கைதிகளை வைத்து அதை மேடையேற்றினார். வெளியே வந்து படித்து யேல் நாடகப் பள்ளியை அடைந்தார். யாரோ எழுதிய பிரதி அவரைக் கத்தியிலிருந்து மேடைக்குக் கொண்டுவந்தது. அதே மேடையில், கத்தியை எடுக்கும் லெவியாக அவர் நின்றார். மா ரெய்னியாகத் தெரெசா மெரிட்.

1984 ஏப்ரலில் யேலில் நாடகம் அரங்கேறியது. அதே ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி பிராட்வேயின் கோர்ட் தியேட்டரில். அங்கே 270க்கும் மேற்பட்ட முறை நடந்தது. நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் சிறந்த நாடக விருதைப் பெற்றது. இன்று அந்த அரங்குக்கு நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

வாட்டர்ஃபோர்ட் முற்றம், யேல் மேடை, பிராட்வே என்ற இந்த வரிசையை வில்சனும் ரிச்சர்ட்ஸும் பிறகு விரித்தார்கள். யேலுக்கும் பிராட்வேக்கும் நடுவே பாஸ்டன், சிகாகோ, சான் டியேகோ போன்ற ஊர்களின் அரங்குகள் சேர்ந்தன. ஒவ்வோர் ஊரிலும் நாடகம் நடக்கும், வில்சன் பார்வையாளர் நடுவே உட்கார்ந்து கேட்பார், திருத்துவார், அடுத்த ஊருக்குப் போவார்கள். 'தி பியானோ லெசன்' 1986இல் வாட்டர்ஃபோர்டில் வாசிக்கப்பட்டது. பிராட்வேக்கு வந்தது 1990இல். நான்கு ஆண்டுகள் ஒரு பிரதி வழியிலேயே வளர்ந்தது. 1987இல் 'ஃபென்சஸ்', 1990இல் 'தி பியானோ லெசன்' என இரண்டு புலிட்சர் பரிசுகள் வில்சனுக்குக் கிடைத்தன. இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகப் பத்து நாடகங்களை எழுதி முடித்தார். அவற்றில் பிட்ஸ்பர்க்குக்கு வெளியே நடப்பது 'மா ரெய்னி' ஒன்றுதான்.

யாருடைய கையெழுத்து

அமெரிக்க நாடக உலகில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நாடகத்தின் உரிமை எழுதியவருக்கே. அவர் சம்மதமில்லாமல் ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது. நாடகாசிரியர்கள் சங்கமாகச் சேர்ந்து 1926இல் தயாரிப்பாளர்களோடு போராடிப் பெற்ற ஒப்பந்தத்தின் பலன் அது. சினிமாவில் எழுத்து தயாரிப்பு நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடும். இந்த வேறுபாடு வில்சனுக்கு நன்றாகத் தெரியும். 'ஃபென்சஸ்' நாடகத்தைப் படமாக்க வந்தபோது, கறுப்பின இயக்குநர்தான் வேண்டும் என்றார். நிறுவனம் தயங்கியது. அவர் இறங்கி வரவில்லை. 2005 அக்டோபர் 2ஆம் தேதி அவர் காலமானபோதும் படம் எடுக்கப்பட்டிருக்கவில்லை. 2016இல் டென்சல் வாஷிங்டன் இயக்கத்தில் அது வந்தது, வில்சன் எழுதி வைத்துச் சென்ற திரைக்கதையோடு.

'மா ரெய்னி' 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் படமாக வெளியானது. இயக்கியவர் ஜார்ஜ் சி. வுல்ஃப். மா ரெய்னியாக வயோலா டேவிஸ், லெவியாக சாட்விக் போஸ்மன். படம் வெளியாவதற்கு நான்கு மாதம் முன்பே போஸ்மன் புற்றுநோயால் இறந்துவிட்டார். லெவிதான் அவருடைய கடைசித் திரைப்படப் பாத்திரம். 5 சென்ட் இசைத்தட்டிலிருந்து கிளம்பிய குரல் இப்படி உலகத்தின் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பிரதியைப் பின்தொடர்ந்து வந்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று. வாட்டர்ஃபோர்டில் செலவான பொருள் மிகக் குறைவு. மரப் பெட்டிகள், சில நடிகர்கள், சில நாட்கள், நிறத் தாள்கள், கவனமாகக் கேட்கிறவர்கள். தமிழில் நாடகம் எழுதுகிறவர்களுக்கு இது எட்டாத ஊர் அல்ல. நம் சிற்றிதழ்களில் அச்சாகி, ஒரு முறைகூட ஒரு நடிகரின் வாயால் உரக்க வாசிக்கப்படாமல் முடங்கிய நாடகங்கள் உண்டு. அவற்றை எழுதியவர்களுக்கு ஒரு கூடமும், கையில் தாளோடு நிற்க ஐந்தாறு நடிகர்களும், மறுவாசிப்புக்கு இன்னொரு மாலையும் கிடைத்தால் போதும். பள்ளி வகுப்பறை, நூலக மாடி, யாருடைய வீட்டு மொட்டை மாடியானாலும் அது நடக்கும். வேண்டியது, அடுத்த ஆண்டும் அங்கே விளக்கு எரியும் என்ற உறுதி.

லெவியை நினைக்கும்போதெல்லாம் அவன் எழுதிக் கொடுத்த பாட்டுத் தாள்களே என் கண்ணில் நிற்கின்றன. அவை நல்ல பாட்டுகளா என்பது நாடகம் முடியும் வரை நமக்குத் தெரிவதில்லை. அவனுக்குமே தெரிந்திருக்காது. கூட இருந்த மூவரும் வாத்தியக்காரர்கள். கீழே அந்த அறையில், ஒரு மாலை நேரம், அந்தத் தாள்களை நடுவில் வைத்து அவர்கள் வாசித்துப் பார்த்திருந்தால், எந்த இடத்தில் தாளம் இடறுகிறது, எந்த இடத்தில் உயிர் இருக்கிறது என்று லெவியே கேட்டிருப்பான். ஒருவேளை திருத்தியும் எழுதியிருப்பான்.